புரியாத படங்களும் ஒரு பழைய வீடும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்து இளைஞர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். "மாமா, மாசம் ஒரு ஞாயிறு சங்க ஹால்ல வித்தியாசமான படங்களாப் போடலாம்னு இருக்கோம். கல்ட் படம், சர்ரியலிஸ்ட் படம், சயன்ஸ் ஃபிக்‌ஷன் இந்த மாதிரி. நீங்கதான் அந்தக் காலத்துல ஃபிலிம் சொஸைட்டிக்கெல்லாம் போனவராமே, ஒரு லிஸ்ட் குடுங்க" என்றார்கள்.

நான் ஃபிலிம் சொஸைட்டிக்குப் போனது வாஸ்தவம். ஆனால் படம் பார்க்கத்தான் போனேன் என்று யார் சொன்னது? 1978-ல் வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தேன். லேக் மார்க்கெட் பக்கம் மெஸ் வாசம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பாரும் அப்பளமும் முடிந்தால் இரவு வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேஜை வங்காள நண்பர் ஃபிலிம் சொஸைட்டி உறுப்பினர். கூட வர ஆள் தேடிக் கொண்டிருந்தார். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் 1947-லேயே ஃபிலிம் சொஸைட்டி ஆரம்பித்த ஊர் இது. இங்கே புரியாத படம் பார்ப்பது ஒரு குடும்ப வழக்கம் மாதிரி. எனக்கோ மே மாத வெயிலில் குளிர்ந்த ஹாலும், இருட்டில் இரண்டு மணி நேரத் தூக்கமும் கிடைத்தன. ஆகவே நான் சொல்லப் போவது விமர்சகரின் கருத்து அல்ல. பாதி தூங்கி, பாதி விழித்துப் பார்த்த ஒரு சாமானியனின் அபிப்பிராயம். மேதாவிகள் மன்னிக்க.

நாயும் இல்லை, ஊரும் இல்லை

நான் பார்த்த முதல் சர்ரியலிஸ்ட் படம் 'ஆண்டலூசிய நாய்'. 1929-ல் பாரிஸில் லூயி புனுவெலும் ஓவியர் சால்வடார் டாலியும் சேர்ந்து எடுத்தது. இருபது நிமிடம் கூட முழுசாகத் தேறாது. படத்தில் நாயும் கிடையாது, ஆண்டலூசியாவும் கிடையாது. ஆரம்பத்திலேயே ஒருவன் சவரக் கத்தியால் ஒரு பெண்ணின் கண்ணைக் கீறுகிறான். உண்மையில் அது செத்த கன்றுக்குட்டியின் கண். அது தெரியாமல் பார்த்த நான் அன்றிரவு மெஸ்ஸில் சாப்பிடவில்லை. பிறகு ஒருவன் உள்ளங்கையிலிருந்து எறும்புகள் வருகின்றன. ஏன் என்று கேட்கக் கூடாது. காரணம் சொல்லக் கூடிய எந்தக் காட்சியும் படத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் இருவரும் போட்டுக் கொண்ட விதி. முதல் காட்சியன்று ஜனங்கள் அடிக்க வந்தால் திருப்பி எறிவதற்காகச் சட்டைப் பையில் கற்களோடு திரைக்குப் பின்னால் நின்றதாகப் புனுவெல் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஜனங்கள் கைதட்டி விட்டார்களாம். பாவம், கல் வீணாகி விட்டது.

இந்த வகைப் படத்தைப் பற்றி என் கட்சி இதுதான். பாட்டி சொன்ன கதையில் வேதாளம் முருங்கை மரம் ஏறியது. ஏன் புளிய மரம் ஏறவில்லை என்று நாம் கேட்டோமா? இரவில் கனவு காண்கிறோம். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, பக்கத்தில் மாமனார், காலில் செருப்பு இல்லை. கனவுக்குள் இருக்கும்வரை எல்லாம் நியாயமாகத்தான் படுகிறது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் மட்டும் காரணம் கேட்கிறோம். இருபது நிமிடத்துக்குக் கேட்காமல் இருந்து பாருங்கள். இரண்டரை மணி நேரம் என்றால் நானும் கேட்பேன்.

டேவிட் லிஞ்ச்சின் 'இரேஸர்ஹெட்' (1977) வேறு ரகம். கறுப்பு வெள்ளையில் ஒரு தொழிற்சாலைப் பேட்டை. ஒற்றை அறையில் ஒருவன். மனிதக் குழந்தை மாதிரியே இல்லாத ஒரு குழந்தை இரவெல்லாம் அழுகிறது. மனைவி தாங்க முடியாமல் பிறந்த வீட்டுக்குப் போய் விடுகிறாள். படத்தைப் பார்த்தவர்கள் பயங்கரம் என்றார்கள். நான் இதைக் காஸெட்டில் பார்த்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம், விடிய விடிய அழுகை. எனக்கு அதில் புரியாதது எதுவுமே இல்லை! கைக்குழந்தை உள்ள வீட்டில் மட்டும் இதைப் போட வேண்டாம் என்பது என் சிபாரிசு.

இந்தப் படம் அமெரிக்காவில் நள்ளிரவுக் காட்சிகளாக ஓடி ஓடித்தான் பெயர் வாங்கியது. 'கல்ட்' படம் என்றால் என்ன என்று இளைஞர்கள் கேட்டார்கள். வந்தபோது ஊர் கண்டுகொள்ளாமல், பின்னால் ஒரு சிறு கூட்டம் விடாமல் பிடித்துக் கொண்டு கொண்டாடினால் அது கல்ட். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982-ல் வந்தபோது வசூலில் சோபிக்கவில்லை. இன்று அதைப் பாடம் நடத்துகிறார்கள். அந்தக் கதை நடப்பது 2019 நவம்பரில், லாஸ் ஏஞ்சலீஸில். ஓயாத மழை, பறக்கும் கார்கள், மனிதனைப் போலவே செய்யப்பட்ட செயற்கை மனிதர்கள். நிஜ 2019 நவம்பர் வந்தது. நான் கரியாஹாட்டில் ஆட்டோவுக்கு வரிசையில் நின்று கொண்டிருந்தேன். எதுவும் பறக்கவில்லை. ஆனால் வரிசையில் இருந்த அத்தனை பேரும் கையில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துத் தலை குனிந்திருந்தார்கள். அதை ஸ்காட் எடுக்கவில்லை.

கலையைக் கடத்திய கிரகம்

விஞ்ஞானக் கற்பனை என்றால் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1963-லேயே எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வந்து விட்டது. வேறொரு கிரகத்துக்காரர்களிடம் எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. அதனால் பூமிக்கு வந்து நல்ல பாடகியாகப் பார்த்துக் கடத்திக் கொண்டு போகிறார்கள். சிரிக்காதீர்கள். வெளிநாட்டுப் படங்களில் வேற்றுக் கிரகத்தார் தண்ணீருக்கும் தங்கத்துக்கும் வருவார்கள். நம் படத்தில் பாட்டுக்கு வந்தார்கள். எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

ஐந்து ஆண்டு கழித்து, 1968-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. கதையை அவரோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் ஸி. கிளார்க் 1956-லிருந்தே இலங்கைவாசி. 2008-ல் கொழும்பிலேயே காலமானார். இந்தப் படத்தில் சுமார் 25 நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு பேச ஆரம்பித்தாலும் மனிதர்கள் இயந்திரம் மாதிரி பேசுகிறார்கள். இயந்திரம்தான், ஹால் என்கிற அந்தக் கம்ப்யூட்டர்தான், தன்னை அணைக்கும்போது பயமாக இருக்கிறது என்கிறது. எனக்குக் கடைசி அரை மணி புரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. கொலைகாரக் கம்ப்யூட்டருக்காக நான் ஏன் வருத்தப்பட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

கல்கத்தாக்காரர்களின் மனக்குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ராய் 1962-ல் 'சந்தேஷ்' பத்திரிகையில் ஒரு சிறுகதை எழுதினார். ஊரார் எல்லாம் கேலி செய்யும் ஓர் ஏழைப் பள்ளிக்கூட வாத்தியார் பங்கு பாபு, மூங்கில் தோப்பில் வேற்றுக் கிரகத்து ஆசாமியைச் சந்திக்கிறார். அந்த மாதிரி ஓர் எண்ணத்தை வளர்த்து, வங்காளக் கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்குவதாக 1967-ல் 'தி ஏலியன்' என்று திரைக்கதை எழுதி ஹாலிவுட் வரை போனார். குளத்தில் எழுந்து நிற்பதைக் கோயில் என்று கிராமத்தார் கும்பிடுவார்களாம். படம் எடுக்கப்படவே இல்லை. 1982-ல் 'ஈ.டி.' வந்தபோது, தன் திரைக்கதைப் பிரதிகள் அங்கே கைமாறியதில்லாமல் அது பிறந்திருக்காது என்றார் ராய். ஸ்பீல்பெர்க் மறுத்தார். என் வங்காள நண்பர் இதைச் சொல்லும்போதெல்லாம் தேநீரைக் கீழே வைத்து விடுவார். எடுக்கப்படாத படத்துக்கும் ரசிகர்கள் உண்டு என்று அவரிடம்தான் தெரிந்து கொண்டேன்.

வீட்டுக்குள் மழை

இனி சொல்லப் போவது ஒரே படம். ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்', 1972. போலந்து எழுத்தாளர் லெம் எழுதிய நாவல். படம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1984-ல் ஒரு மாலை நண்பர் என்னை அழைத்துப் போனார். இரண்டே முக்கால் மணி நேரம். நடுவே டோக்கியோ நகரத்துச் சாலையில் கார் போகிறது, போகிறது, போய்க் கொண்டே இருக்கிறது. அங்கேதான் நான் தூங்கிப் போனேன்.

கதை இதுதான். சொலாரிஸ் என்ற கிரகம் முழுக்க ஒரே கடல். அந்தக் கடலுக்குச் சிந்திக்கத் தெரியும். அதைச் சுற்றும் ஆய்வு நிலையத்தில் மனிதர்கள் தூங்கும்போது, அவர்கள் நினைவிலிருந்து ஆட்களை உருவாக்கி அனுப்புகிறது. கெல்வின் என்ற மனநல நிபுணன் அங்கே போகிறான். பத்து வருடத்துக்கு முன் தற்கொலை செய்து கொண்ட மனைவி, காலையில் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். பெயர் ஹரி. நம் வீட்டில் பெருமாள் பெயர்!

கிளம்பும் முன்பே கெல்வினுக்குத் தெரியும், திரும்பி வரும்போது அப்பா உயிரோடு இருக்க மாட்டார் என்று. கடைசிக் காட்சியில் அவன் ஊர் வீட்டுக்கு வருகிறான். அதே குளம், அதே மரங்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். உள்ளே அப்பா. வீட்டுக்குள் மழை கொட்டுகிறது, அவர் முதுகில் விழுகிறது, அவருக்கு அது தெரியவில்லை. வாசலுக்கு வருகிறார். மகன் மண்டியிட்டு அவர் காலைக் கட்டிக் கொள்கிறான். காமிரா மேலே போகிறது. வீடு சிறுத்துத் தீவாகிறது. சுற்றிலும் சொலாரிஸின் கடல்.

சரியாக இந்த இடத்தில் நான் விழித்துக் கொண்டேன். எல்லாரும் மூச்சடைத்து உட்கார்ந்திருக்க, நான் நண்பரிடம், "வீட்டுக்குள்ளே மழை பெய்வதில் என்ன அதிசயம்? எங்கள் ஊரில் முற்றத்தில் தினம் பெய்யும்" என்றேன். பின் வரிசையில் யாரோ 'உஷ்' என்றார்கள்.

மாயவரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லையில் கிணறு. 1985 கோடையில் போயிருந்தேன். மறு வருடம் பதவி உயர்வுப் பரீட்சை என்று போகவில்லை. 1987 நவம்பரில் தந்தி வந்தது. கோரமண்டலில் ரிசர்வேஷன் இல்லாமல் ஏறி, மெட்ராஸில் ராத்திரி வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பிதான் கொள்ளி வைத்தான். 1995-ல் வீட்டை விற்றோம். வாங்கியவர் இடித்துக் கட்டிவிட்டார்.

2016-ல் மகள் விடுமுறைக்கு வந்தவள், தன் கம்ப்யூட்டரில் 'சொலாரிஸ்' போட்டாள். இந்தத் தடவை நான் தூங்கவில்லை. அந்த வாசல்படி வந்ததும், "ஏம்பா, என்ன ஆச்சு?" என்றாள் மகள். ஒன்றுமில்லை என்று காப்பி டம்ளரை எடுத்துக் கொண்டு உள்ளே போய் விட்டேன்.

மறுநாள் தம்பிக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, "அப்பா திண்ணையில சாய்வு நாற்காலியில உக்காந்து தபால்காரரைப் பார்த்துண்டே இருப்பாரே, அந்த நாற்காலி என்ன ஆச்சு?" என்று கேட்டேன். இத்தனை வருடமும் என் மனதில் அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

தம்பி சற்றுப் பேசாமலிருந்தான். "கடைசி ரெண்டு வருஷம் அப்பா திண்ணைக்கே வரலையேண்ணா. முழங்கால் வலி. உள்ளேயேதான் படுத்திருப்பார். அண்ணாவுக்கு எழுத வேண்டாம், பரீட்சைக்குப் படிக்கிறான்னுட்டார்" என்றான். கிணறு கூட நான் நினைத்த பக்கம் இல்லையாம்.

அப்போதுதான் அந்த மழை எனக்கு விளங்கியது. கடல் அந்த வீட்டை மகனின் நினைவிலிருந்து கட்டியது. அதனால் வெளியே பெய்ய வேண்டியது உள்ளே பெய்கிறது. அவனுக்குத் தெரியாததைக் கடலால் திருத்த முடியவில்லை.

தார்க்கோவ்ஸ்கி மட்டும் தன் வீட்டைத் திருத்தமாகக் கட்டினார். 'கண்ணாடி' (1975) படத்துக்காகச் சிறு வயதில் இருந்த வீட்டைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து அதே இடத்தில் எழுப்பினார். எதிரே அவர் நினைவில் ஒரு வெள்ளைப் பூ வயல் இருந்தது. அந்தத் தானியம் இந்த மண்ணில் வராது என்றார்கள் ஊர் விவசாயிகள். படக்குழுவே விதைத்தது. பூத்தது. அம்மாவை அழைத்து வந்து காட்டினார். பிறகு நாட்டை விட்டு வெளியேறி, 1986 டிசம்பரில் பாரிஸில் இறந்தார். தந்தை, கவிஞர் அர்செனி, 1989 வரை ரஷ்யாவில் உயிரோடு இருந்தார்.

இளைஞர்களுக்குப் பட்டியல் கொடுத்து விட்டேன். முதலில் 'கலை அரசி', குழந்தைகளும் வரட்டும். பிறகு '2001', 'பிளேட் ரன்னர்'. 'நாய்' இருபது நிமிடம், டிபனுக்கு முன்னால் வேண்டாம். 'சொலாரிஸ்' கடைசியில். நடுவில் காப்பி கொடுங்கள். தூங்குகிறவர்களைத் தூங்க விடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பி விட வேண்டும்.

படம் முடிந்ததும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.