உங்களுக்குத் தெரியுமா? குண்டுக்கு அசையாத எஃகு, சூட்டுக்கு இளகும்!

● கவசத் தகட்டின் பலம் தடிமனில் மட்டும் இல்லை. அதைப் பதப்படுத்திய விதத்திலும் இருக்கிறது. சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் குளிர்வித்தால் எஃகின் உள்ளமைப்பு மார்ட்டென்சைட் என்ற கடின வடிவமாக இறுகும். பிரினெல் கடின அளவில் சாதாரணக் கட்டுமான எஃகு 120 முதல் 150 வரை. உயர்கடினக் கவசத் தகடு 500ஐ ஒட்டி இருக்கும்.

● சூட்டால் வந்த கடினம் சூட்டாலேயே போகும். 'ஆர்மாக்ஸ் 500டி' என்ற ஸ்வீடன் நாட்டுக் கவசத் தகட்டை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், அதன் குணங்களுக்கு உத்தரவாதம் கிடையாது. இந்தத் தகடுகளை இணைக்கும் வெல்டிங் மின்வில்லின் வெப்பமோ சில ஆயிரம் டிகிரி!

● வெல்டை ஒட்டிய பகுதி செக்கச் சிவந்து, சுற்றிலும் உள்ள குளிர்ந்த தகடு வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வேகமாக ஆறி, நொறுங்கும் தன்மை பெறும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளியுள்ள பகுதி அவ்வளவு சூடாகாது. இருந்த கடினத்தை இழந்து இளகும். இந்த இளகிய பகுதி வெல்டின் நடுக்கோட்டிலிருந்து 15.9 மி.மீ.க்கு மேல் பரவக்கூடாது என்பது அமெரிக்க ராணுவத் தரவிதி.

● வெல்டிங் எலக்ட்ரோடில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். அதனால் வரும் விரிசல் உடனே தெரியாது. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் கழித்தே வெளிப்படும். எலக்ட்ரோடுகளை அடுப்பில் உலர்த்துவதும், உயர்வலிமை எஃகின் வெல்டை 48 மணி நேரம் கழித்துச் சோதிப்பதும் இதனால்தான்.

● இந்த விரிசலைத் தவிர்க்க, ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகு எலக்ட்ரோடு கைகொடுக்கும். அது ஹைட்ரஜனைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்ளும். ஆனால் அந்த வெல்டு மென்மையானது, தோட்டா துளைத்துவிடலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் சேர்ந்து நடத்திய ஆய்வுகளில், வெல்டுக்கு நடுவே கடின உலோக அடுக்கு ஒன்றை வைத்துச் சுட்டுப் பார்த்தபோது தடுப்பாற்றல் கூடியது.

● வெல்டிங்கில் இவ்வளவு தொல்லை இருந்தும், தகடுகளை முன்பு இணைத்துவந்த ரிவெட் ஆணிகளை ஏன் கைவிட்டார்கள்? குண்டு பட்ட வேகத்தில் ரிவெட் தெறித்து, டாங்கிக்குள் இருந்த வீரர்களையே தாக்கியது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் டி-34 டாங்கிகளின் உடலைத் தானியங்கி வெல்டிங்கால் இணைக்க வழிசெய்தவர் யெவ்கேனி பட்டோன். அடிப்படையில் அவர் பாலப் பொறியாளர். கீவ் நகரில் 1953இல் திறக்கப்பட்ட, முழுக்க வெல்டிங்கால் ஆன பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

● தகட்டை வெட்டும்போதும் சூடு பற்றிய இதே கவலைதான். கேஸ் கட்டர் வைத்தால் தகட்டின் ஓரம் இளகிவிடும். அதனால் உயர்கடினத் தகட்டைச் சூடு படாமல் வெட்ட, அரைக்கும் துகள் கலந்த தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள்.