எல்லைக்கு அப்பால் கிடைக்கும் சிகிச்சை

அறைக்குள் ஒரு படுக்கை, அருகில் இரண்டு சிகிச்சையாளர்கள். படுத்திருப்பவரின் கண்களைத் துணிப்பட்டை மூடியிருக்கிறது. காதில் மெல்லிய இசை. எம்டிஎம்ஏ மருந்தை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் அது வேலை செய்யத் தொடங்கும். காலையில் ஆரம்பித்தால் முடிய எட்டு மணி நேரம் பிடிக்கும். சிகிச்சையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர் பேசினால் கேட்கிறார்கள், அழுதால் அழ விடுகிறார்கள். குண்டு வெடித்த தெரு, காப்பாற்ற முடியாமல் போன நண்பன் என்று இத்தனை வருஷம் நினைக்கவே அஞ்சியதை, பயம் தணிந்த மனம் திரும்பிப் பார்க்கிறது. மாத இடைவெளியில் இப்படி மூன்று அமர்வுகள். இவற்றுக்கு முன்னும் பின்னுமாக, மருந்தே இல்லாத பேச்சு அமர்வுகள் பன்னிரண்டு. மருந்து பாதி என்றால் மீதி இந்தப் பேச்சுதான்.

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது மனநிலையை மாற்றும் மருந்தோடு தரும் இதுபோன்ற சைகடெலிக் சிகிச்சையைத்தான். 2022-இல் மட்டும் அந்நாட்டில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். நாளுக்குப் பதினேழு பேருக்கு மேல். போரின் அதிர்ச்சி விடாமல் துரத்தும் பிடிஎஸ்டி என்ற மனநோய்க்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்திருப்பவை செர்ட்ராலின், பராக்ஸெட்டின் என்ற இரண்டே மருந்துகள். இரண்டுமே மனச்சோர்வுக்காக வந்தவை. 2001-க்குப் பிறகு புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லை.

எம்டிஎம்ஏ அந்த இடத்துக்கு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2023-இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் 104 பேர் கலந்துகொண்டனர். மருந்து பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்குப் பிடிஎஸ்டி இருப்பதாகச் சொல்ல முடியாத அளவுக்கு அறிகுறிகள் குறைந்தன. வெற்று மாத்திரையோடு அதே பேச்சு சிகிச்சையைப் பெற்றவர்களில் இது 48 சதவீதம். இருந்தும் 2024 ஆகஸ்டில் நிர்வாகம் ஒப்புதல் மறுத்து, இன்னொரு சோதனை வேண்டும் என்றது.

மறுப்பை ஒட்டி எழுந்த கேள்விகளைத் தள்ளிவிட முடியாது. தனக்குக் கிடைத்தது அசல் மருந்தா, வெற்று மாத்திரையா என்பது சற்று நேரத்தில் நோயாளிக்கே தெரிந்துவிடுகிறது. நம்பிக்கையே பலனைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். முந்தைய சோதனை ஒன்றில் பங்கேற்ற பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் அத்துமீறியதும் தெரியவந்தது. மனம் முழுக்கத் திறந்து கிடக்கும் வேளையில் ஒருவரைப் பாதுகாக்க முடியாவிட்டால் அதைச் சிகிச்சை என்றே சொல்லக் கூடாது.

ஆனால் ஒப்புதல் வரட்டும் என்று வீரர்கள் வீட்டில் காத்திருக்கவில்லை. அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவில் இருந்த மார்கஸ் கபோன் 2017-லேயே மெக்சிகோ போய் ஐபோகெய்ன் எடுத்துக்கொண்டார். மத்திய ஆப்பிரிக்கச் செடி ஒன்றின் வேர்ப்பட்டையிலிருந்து கிடைக்கும் இந்த மருந்து அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. நலம் பெற்ற அவரும் மனைவி ஆம்பரும், பிற வீரர்கள் வெளிநாட்டில் சிகிச்சை பெற உதவ 2019-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அப்படி மெக்சிகோவில் சிகிச்சை பெற்ற 30 வீரர்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர்களின் பிடிஎஸ்டி அறிகுறிகள் சராசரியாக 88 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். என்றாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் இல்லை இது.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஐபோகெய்ன் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியது, உயிர்கள் போயிருக்கின்றன. ஆய்வில் இருந்தவர்களுக்கு இதயத்தைக் காக்க மெக்னீசியம் ஏற்றினார்கள். அப்படிப் பார்த்துக்கொள்ளும் இடம் எது, காசை வாங்கிக்கொண்டு மருந்தை நீட்டும் இடம் எது என்று மெக்சிகோவின் டிஹுவானா நகரில் போய் இறங்கும் வீரருக்கு எப்படித் தெரியும்? பணம் புரட்ட முடியாதவர் அங்கேயும் போக முடியாது. ஈசிஜி கருவியும் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரும் இருக்கும் இடம், சுமார் 170 மருத்துவமனைகளை நடத்தும் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறைதான். சிகிச்சை அங்கே, கண்காணிப்போடு கிடைக்க வேண்டும் என்பதுதான் நியாயமான கோரிக்கை. இது நடக்காத காரியமும் அல்ல: 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் பிடிஎஸ்டிக்கு எம்டிஎம்ஏ எழுதித் தருகிறார்கள்.

அமெரிக்காவிலோ, டெக்சஸ் மாநிலம் 2025-இல் ஐபோகெய்ன் ஆய்வுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்காக முன்னின்று வாதாடியவர் முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரி, பழமைவாதக் குடியரசுக் கட்சிக்காரர். நலத்துறையோ 2024 டிசம்பரில், பிடிஎஸ்டியோடு மதுப்பழக்கத்தாலும் அவதிப்படும் வீரர்களுக்கு எம்டிஎம்ஏ சிகிச்சை தந்து பார்க்கும் ஆய்வுக்குப் பணம் தர முன்வந்தது. 1960-களுக்குப் பிறகு இத்தகைய ஆய்வுக்கு அத்துறை நிதி தருவது அதுவே முதல் முறை. ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துச் சுமார் 15 லட்சம் டாலர். டெக்சஸ் என்ற ஒரே மாநிலம் ஒதுக்கியதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.