முகம் தேடி – 9: எலும்பைத் தொடும் பேனா

இந்த வாரம் தோலின் நிறத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கீழடிக்கு அருகே கொந்தகையில் ஈமத் தாழிகளிலிருந்து எடுத்த பழங்கால மண்டையோடுகள் இரண்டும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து முப்பரிமாண ஸ்கேன்களாக லிவர்பூலுக்குப் போனதையும், 2025 ஜூனில் இரண்டு ஆண்களின் முகங்களாகத் திரும்பி வந்ததையும் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும். நிறத்துக்குப் போகும் வழியில் ஒரு பேனா குறுக்கே வந்துவிட்டது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் கரோலைன் வில்கின்சன் நடத்தும் ஃபேஸ் லேபைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அங்கே மண்டையோட்டின்மேல் முகம் எழுப்பப் பயன்படுத்துவது ஃப்ரீஃபார்ம் என்ற சிற்ப மென்பொருள். அதை மவுஸால் ஓட்டுவதில்லை. மேசைமேல் மூட்டு மூட்டாக மடங்கும் ஓர் இயந்திரக் கை இருக்கிறது. அதன் நுனியில் ஒரு பேனா. அதைப் பிடித்து அசைத்தால் திரையில் இருக்கும் கருவியும் அசையும். இதுவரை அதிசயம் ஒன்றுமில்லை. திரையில் அந்தக் கருவி மண்டையோட்டின் நெற்றியில் முட்டியதும், கையில் இருக்கும் பேனா நின்றுவிடுகிறது. அழுத்தினால் திருப்பித் தள்ளுகிறது! கன்னத்து எலும்பின்மேல் இழுத்துக்கொண்டு போனால் மேட்டில் ஏறி, கண்குழியின் விளிம்பில் சறுக்கி விழுகிறது. களிமண்ணில் குத்தினால் வழவழவென்று உள்ளே போகிறது. களிமண்ணுக்கு அடியில் எலும்பு வந்ததும் தடுக்கிறது. புத்தளம் களப்பில் மரக்கோல் ஊன்றித் தோணி தள்ளுகிறவருக்குச் சேறு எங்கே முடிந்து கெட்டித் தரை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அந்த அறிவுதான் இங்கே கண்ணாடித் திரைக்குள் இருக்கும் எலும்புக்குக் கிடைக்கிறது.

இதைச் செய்வது அந்தக் கையை இயக்கும் சிறு மோட்டோர்கள். பேனாவின் நுனி இப்போது எங்கே, எலும்புக்குள் எவ்வளவு நுழையப் பார்க்கிறது, எவ்வளவு விசையோடு திருப்பித் தள்ள வேண்டும் என்ற கணக்கு ஒரு செக்கனுக்கு ஆயிரம் முறை அளவில் நடக்கிறது. கண்ணை ஏமாற்றுவது எளிது. சினிமா செக்கனுக்கு 24 படங்களைக் காட்டியே நம்மை அழவைத்துவிடுகிறது. விரலை அப்படி ஏமாற்ற முடியாது. கணக்கு கொஞ்சம் தாமதித்தாலும் கெட்டி எலும்பு அதிரத் தொடங்கிவிடும், அல்லது இறப்பர் போலத் தொளதொளத்துவிடும். நாற்பது மடங்கு கெட்டிக்காரத்தனம் விரலுக்கு!

இந்தக் கையை யார் கண்டுபிடித்தார் என்று தேடப்போய்த்தான் இந்த வாரம் கெட்டுப்போனது. 1993இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த தோமஸ் மாசி என்ற மாணவர், தன் ஆசிரியர் கென்னத் சாலிஸ்பரியோடு சேர்ந்து செய்தது அது. பெயர் ஃபாண்டம். முதலில் அதன் நுனியில் பேனாகூட இல்லை. தையற்காரர் விரலில் மாட்டும் உறைபோல ஒன்று இருந்தது. அதற்குள் விரலை விட்டு, இல்லாத பொருளைத் தொட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டில் மனைவியோடு சேர்ந்து சென்ஸபிள் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார் மாசி. 1995இல் மாணவக் கண்டுபிடிப்பாளருக்கான லெமல்சன் பரிசு, 30,000 டொலர். களிமண் மென்பொருளான ஃப்ரீஃபார்மும் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான்.

பிறகு மாசி நிறுவனத்தை விட்டுவிட்டுக் கென்டக்கியில் வளர்ந்த ஊருக்கே போனார். சொந்தக் காட்டு மரத்தில் வீடு கட்டினார். அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கிடையாது. சூரிய ஒளியை, விபத்தில் நசுங்கிய டெஸ்லா காரிலிருந்து எடுத்த பற்றரியில் சேமிக்கிறார். மாடு வளர்க்கிறார். 2012இலிருந்து அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் கென்டக்கி உறுப்பினராகவும் இருந்து வருகிறார். கோட்டில், அமெரிக்காவின் கடன் ஏறிக்கொண்டே போவதைக் காட்டும் சிறு மின்னணு வில்லை ஒன்றைக் குத்திக்கொண்டு சபைக்குப் போவார். அதுவும் அவர் கையால் செய்ததே. அவருடைய அரசியல் எனக்குச் சரிப்பட்டு வராது. ஆனால் மண்டையோட்டின் விளிம்பை விரலுக்கு உணர்த்தும் கையைச் செய்தவர் சட்டசபைக் கதிரையில் உட்கார்ந்து பட்ஜெட்டை எதிர்த்து வாக்களித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க எனக்குத் தாளவில்லை. நமது இலங்கை நாடாளுமன்றத்தில் இப்படி ஒருவரைத் தேடிப் பார்த்தேன். அதைப் பற்றி வேண்டாம்.

கொந்தகையிலிருந்து கென்டக்கி வரை போய்விட்டோம். நமது புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஊரான உடப்புக்கு வருவோம்.

உடப்பில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் தொடுதிரைப் பலகையில் முகம் செய்கிறான். கடலோடியான தாத்தாவின் முகத்தைச் செய்து கொடுக்க வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அவனிடம் இருப்பவை தேசிய அடையாள அட்டைப் படமும், கலியாண வீடொன்றில் பக்கவாட்டில் விழுந்த ஒரு படமும்தான். உருண்டையில்தான் தொடங்குவான். அதை இழுத்து நீட்டி மண்டையாக்கி, கண்குழியை அமுக்கி, கன்னத்தையும் தாடையையும் பெரிய பெரிய மேடு பள்ளங்களாக வைத்துக்கொள்வான். மூக்கின் அழகு, உதட்டின் வரி, தோலின் துளை எல்லாம் கடைசியில். “மாமா, எல்லாரும் முதல்லயே கண்ணச் செதுக்கப் போயிடுவாங்க. மண்டை சரியில்லாட்டி கண்ணு எவ்வளவு நல்லா இருந்தும் ஆள் வரமாட்டாரு” என்கிறான். தொடக்கத்தில் வலப்பக்கம் செய்வது இடப்பக்கத்திலும் தானாக விழும்படி வைத்திருப்பான். பாதி வேலையில் அதை நிறுத்திவிடுவான். தாத்தாவுக்கு ஒரு புருவம் சற்று மேலே, மூக்கு கொஞ்சம் கோணல், வெற்றிலை அடக்கிய பக்கத்துக் கன்னம் தடிப்பு. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் முகம் உயிருள்ளவர்களுக்கு இல்லை.

1999இல் அறிமுகமான ஸீபிரஷ் தொடங்கி இன்று இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் வரை பெரும்பாலான சிற்ப மென்பொருள்கள் முகத்தை ஒரு வலையாக வைத்திருக்கின்றன. மேற்பரப்பு மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றுமில்லை. ஃப்ரீஃபார்மின் களிமண்ணோ கண்ணுக்குத் தெரியாத சிறு கனசதுரங்களின் திரள். வெட்டினால் உள்ளேயும் மண் இருக்கிறது. எலும்பைப் பூட்டி வைத்துவிட்டு அதன்மேல் மண்ணை அப்பலாம், சுரண்டலாம். எலும்பில் கீறல் விழாது. பையன் வெளியிலிருந்து ஆளைப் பார்த்து உள்ளே போகிறான். லிவர்பூலில் உள்ளேயிருந்து வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாது, தெரியவும் கூடாது. ஆகவே கண்ணைவிடக் கையை நம்ப வேண்டியிருக்கிறது.

எலும்புக்குமேல் எவ்வளவு தடிப்பில் மண் வைப்பது? இதற்கு முறையாக விடை தேடிய முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ். 1750இல் இறந்த இசைமேதை பாக் என்பவருடைய எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றை 1894இல் அந்த நகரத்துத் தேவாலய வளவில் தோண்டி எடுத்தார்கள். அது பாக் தானா என்று சொல்ல வேண்டியது ஹிஸ்ஸின் பொறுப்பு. அவர் பிணங்களின் முகத்தில், சிறிய இறப்பர் வட்டு கோத்த ஊசியை எலும்பில் முட்டும்வரை குத்தினார். ஊசியை எடுத்ததும் வட்டு நிற்கும் இடத்தை அளந்தால் சதையின் தடிப்பு. அந்த அளவுகளை வைத்துக் கார்ல் செஃப்னர் என்ற சிற்பி மண்டையோட்டு வார்ப்பின்மேல் முகம் எழுப்ப, பாக் வந்தார். 1898இல் கோல்மன், பியூக்லி என்ற இருவர் ஊசியை விளக்குப் புகையில் கறுப்பாக்கிக் குத்தினார்கள்; கரி அழிந்த நீளம்தான் அளவு. இன்று ஊசி இல்லை. அல்ட்ராசவுண்டும் சீ.டி. ஸ்கேனும் உயிரோடு இருப்பவர்களிடமே அளந்து தருகின்றன.

உங்கள் முகத்தைத் தடவிப் பாருங்கள். மூக்கெலும்பு முடியும் இடத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். புருவங்களுக்கு நடுவே 5, 6. நாடியில் 11. கடைவாய்ப் பற்களுக்குமேல் கன்னத்தில் 20ஐத் தாண்டும். இவையெல்லாம் சராசரிதான், மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் மாறும். திரையில் மண்டையோட்டின்மேல் இந்த அளவுகளில் சிறு முளைகளை நட்டுவிடுகிறார்கள். அடுத்தது தசைகள். பல்லைக் கடித்தால் கன்னத்தோரம் எழும் மெல்லும் தசை, நெற்றிப் பொட்டுத் தசை, கண்ணையும் வாயையும் சுற்றி வளையமாக ஓடுபவை, சிரிக்கும்போது கடைவாயை மேலே இழுப்பவை. மெல்லும் தசை போன்றவை எலும்பில் எங்கே ஒட்டியிருந்தன என்பதற்குத் தழும்பு இருக்கிறது. அந்தச் சொரசொரப்பைத்தான் பேனா தேடிப் பிடிக்கிறது. கெட்டியாக மென்று தின்றவரின் தாடையில் தழும்பு தடித்திருக்கும், தசையும் அதற்கேற்பத் தடிக்கும்.

மூக்கில்தான் சிக்கல். பாதிக்குமேல் குருத்தெலும்பு, மண்ணுக்குள் மக்கிப்போகும். எஞ்சுவது ஓர் ஓட்டை. அந்த ஓட்டையின் அகலம் மூக்கின் அகலத்தில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. முன்பற்கள் ஆறின் அகலம் வாயின் அகலத்தில் சுமார் முக்கால் பங்கு என்று இன்னொன்று. காதைப் பற்றி மண்டையோடு அநேகமாக வாயே திறக்காது. ஆகையால் பழங்கால மனிதரின் படங்களைப் பார்க்கும்போது காதை நம்பாதீர்கள்.

இவ்வளவும் செய்து ஆள் வருகிறாரா? வில்கின்சன் குழு 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் சீ.டி. ஸ்கேனிலிருந்து மண்டையோட்டை மட்டும் எடுத்துக் கொடுத்து, முகம் தெரியாமலே செய்யச் சொன்னார்கள். செய்த முகத்தை உண்மை முகத்தோடு ஒட்டிப் பார்த்ததில், மேற்பரப்பில் 67 சதவீதம் 2 மில்லிமீற்றருக்குள் பொருந்தியது. மிச்சம் 33ஐயும் நினைவில் வைத்துக்கொண்டு கொந்தகை முகங்களைப் பாருங்கள். அடையாள அட்டைப் படம் அல்ல அவை. ஆனால் கற்பனைச் சித்திரமும் அல்ல.

இனி பொம்பரிப்பு. இத்தனை வாரம் நான் சுற்றிச் சுற்றி வருவது அங்கே போகத்தான் என்று சிலர் கடிதமே போட்டுவிட்டார்கள். நமது புத்தளம் கரையில், வில்பத்துக் காட்டுக்குள், கலாஓயாவுக்கு வடக்கே தாழிகள் புதைந்த அந்தச் செம்மண். ஹோகார்ட் 1920களிலும், பி.ஈ.பி. தெரணியகல 1956இலும் தோண்டினார்கள். 1970இல் விமலா பெக்லி தோண்டியபோது கிடைத்த எலும்புகளைக் கென்னத் கென்னடியும் பற்களை ஜோன் லூகாக்ஸும் ஆராய்ந்தார்கள். அறிக்கை 1981இல் வந்தது. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றுக்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் பலரும் சொல்லியாயிற்று. மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் தாழி அடக்கம்.

அக்கரையில் ஆட்களுக்கு முகம் வரத் தொடங்கிவிட்டது. இக்கரையில் ஏன் இல்லை? இங்கே உடலை முழுதாகத் தாழியில் வைக்கவில்லை என்பதுதான் முதற்காரணம். சதை போனபின் எலும்புகளைப் பொறுக்கி, பலருடையதை ஒரே தாழியில் இட்டிருக்கிறார்கள். கிடைத்தவை நொறுங்கிய துண்டுகள். துண்டுகளிலிருந்து முகம் எழுப்பவே முடியாதென்றில்லை. உடைந்த பாதி இருந்தால் மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டலாம், உடப்புப் பையன் தொடக்கத்தில் செய்வதுபோல. நெற்றி, கண்குழி, மேல்தாடை, மூக்கோட்டை ஆகியவை ஒரே ஆளுடையவையாகத் தேற வேண்டும். 1970இல் கையில் இருந்தவை அளவுகோலும் கமெராவும். அந்தத் துண்டுகளை ஒருமுறை சீ.டி. ஸ்கேனுக்குள் வைத்துத் திரையில் பொருத்திப் பார்ப்பது பெரிய செலவும் அல்ல. நமது பல்கலைக்கழகங்களின் தொல்லியல் துறையும் மருத்துவ பீடமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும். தேறாது என்று தெரிந்தாலும் அது ஒரு விடைதான்.

நிறத்துக்கு இடம் போதவில்லை. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டுக்கு 2013இல் முகம் செய்தபோது கொடுத்த கண்ணையும் முடியையும், மறு ஆண்டு மரபணு ஆய்வு வந்து மாற்றவைத்த கதையோடு அடுத்த வாரம் தொடங்குகிறேன்; இந்த முறை உறுதி. அதற்கிடையில் எழுவன்குளம் வழியாக வில்பத்துவுக்கு ஜீப்பில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொம்பரிப்பில் தரையில் கிடக்கும் ஓட்டுத் துண்டையோ எலும்புத் துண்டையோ ஞாபகத்துக்கென்று எடுத்து வராதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அது குற்றம்.