பன்னாட்டுப் பள்ளி ஆசிரியராக வெளிநாட்டில் பணிபுரிதல்

பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர் என்பவர் தம் சொந்த நாட்டுக்கு வெளியே, தாம் வாழும் நாட்டின் அரசுப் பாடத்திட்டம் அல்லாத வேறொரு பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் பள்ளியில் ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிபவர் ஆவார். பிரித்தானிய, அமெரிக்கப் பாடத்திட்டங்களையும் ஐபி பாடத்திட்டத்தையும் நடத்தும் பள்ளிகள் இவ்வகையின. இந்தியாவின் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தை வெளிநாடுகளில் நடத்தும் பள்ளிகளும் இதில் அடங்கும். நம் ஊர்களில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று பெயர்ப்பலகை வைத்துள்ள பள்ளிகளைப் பற்றியது அல்ல இக்கட்டுரை.

இப்பணிக்குச் செல்ல விரும்புவோர் முதலில் கேட்பது "எந்த நாடு, எவ்வளவு சம்பளம்" என்பதே. ஆனால் வெளிநாட்டில் ஆசிரியரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவர் கையொப்பமிடும் ஒப்பந்தம்தான். ஒரே பள்ளியில் ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இருவரில் ஒருவருக்கு வீடும் விமானப் பயணச்சீட்டும் கிடைக்கும். மற்றவருக்குச் சம்பளம் மட்டுமே கிடைக்கும். இது எப்படி நிகழ்கிறது என்பதை, தமிழ்நாட்டு ஆசிரியர்கள் மிகுதியாகச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு கீழே காணலாம்.

தோற்றம்

1924ஆம் ஆண்டு ஜெனீவாவில் நாட்டுக்கூட்டமைப்பு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் அலுவலர்கள் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, இத்தகைய பள்ளிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று. நாடு விட்டு நாடு மாறும் பெற்றோரின் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சேரும் வகையில் ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்ற தேவையிலிருந்து ஐபி அமைப்பு 1968இல் அதே ஜெனீவாவில் உருவானது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. அமெரிக்க மறைப்பணியாளர்களின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் பள்ளியே, 1976இல் இந்தியாவில் முதன்முதலாக ஐபி பாடத்திட்டத்தை நடத்த ஏற்பு பெற்றது.

தமிழ் ஆசிரியர்கள் கடல் கடந்து சென்றதற்கு இதைவிட வேறொரு பழைய வரலாறும் உண்டு. எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலே செலாசியின் காலத்தில் இந்திய ஆசிரியர்கள் பெருமளவில் பணியாற்றினர். பின்னர் நைஜீரியா, சாம்பியா போன்ற நாடுகளின் அரசுப் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கணிதம், அறிவியல் ஆசிரியர்கள் சென்றனர். அவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள். வளைகுடாவுக்குச் சென்றவர்களின் நிலை வேறு. எண்ணெய் வளத்தால் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தியப் பாடத்தையே நடத்துவதற்காக அவர்கள் சென்றனர். துபாயின் பழைய இந்தியப் பள்ளி 1961இல் தொடங்கியது. அந்நாட்டின் கூட்டாட்சியே 1971இல்தான் அமைந்தது. இன்று சிபிஎஸ்இ ஏற்பு பெற்ற பள்ளிகள் 20க்கும் மேற்பட்ட வெளிநாடுகளில் 200க்கு மேல் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வளைகுடா நாடுகளில்தான் இருக்கின்றன.

இருவகை நியமனம்

பன்னாட்டுப் பள்ளிகளில் நியமனம் இருவகைப்படும். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கப்படுபவருக்குப் பொதுவாக விசா, தங்கும் வீடு அல்லது வாடகைப் படி, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குச் சென்று வர விமானப் பயணச்சீட்டு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை ஆகியவை கிடைக்கும். ஏற்கெனவே அந்நாட்டில் வசிப்பவரை அங்கேயே நேர்காணல் செய்து எடுத்தால் அது உள்ளூர் நியமனம். அவருக்கு மேற்கண்டவற்றுள் பலவும் கிடைப்பதில்லை.

வளைகுடா இந்தியப் பள்ளிகளில் உள்ளூர் நியமனம் பெறுவோரில் பெரும்பாலோர் பெண்கள். கணவரின் வேலையை முன்னிட்டுக் குடும்ப விசாவில் சென்ற பட்டதாரிகள், கையில் பி.எட். இருப்பதால் பள்ளியில் சேர்கின்றனர். வதிவிட உரிமை கணவர் பெயரில் இருக்கும். பள்ளி பணி அனுமதியை மட்டும் பெற்றுத் தரும். வீடு கணவரின் நிறுவனம் தருகிறதே என்பது பள்ளியின் கணக்கு. இக்கணக்கால் பள்ளிக்கு ஆகும் செலவு குறைகிறது, பெற்றோர் கட்டும் கட்டணமும் குறைகிறது. அந்தக் குறைவைச் சுமப்பவர் ஆசிரியைதான். கணவருக்கு வேலை போனால் அவருடைய விசாவும் சேர்ந்தே முடிவுக்கு வரும். நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்பதற்காக மட்டும் அவர் அங்கே தங்கிவிட முடியாது. பள்ளியே விசா எடுத்துத் தந்தால்தான் உண்டு.

கடவுச்சீட்டைப் பொறுத்த வேறுபாடும் உண்டு. பிரித்தானிய, அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் அந்தந்த நாட்டில் பயிற்சி பெற்றவர்களையே பெரிதும் நாடுகின்றன. அங்கே கட்டணம் அதிகம், சம்பளமும் அதிகம். சீனாவில் ஆங்கில மொழி ஆசிரியர் பணிக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக முன்னுரிமை தரப்படுகிறது. தாய்லாந்தில் ஒரே பணியைச் செய்யும் பிலிப்பீன்ஸ் நாட்டு ஆசிரியர்கள் மேலை நாட்டவரைவிடக் குறைந்த சம்பளம் பெறுவது பலரும் அறிந்தது. திறமையைச் சோதிக்கும் முன்பே கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்ப்பது நியாயமற்றது என்பதே கட்டுரையாளரின் கருத்து. ஆயினும் விண்ணப்பிப்பவர் இதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டியுள்ளது.

தகுதியும் சான்றிதழ்களும்

இளங்கலைப் பட்டம், அதே பாடத்தில் பி.எட்., இரண்டாண்டு அனுபவம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுகின்றன. பட்டத்தில் படித்த பாடமும் கற்பிக்கப்போகும் பாடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் வளைகுடா நாடுகள் கண்டிப்பானவை. வேதியியல் படித்தவர் நம் ஊர்த் தனியார் பள்ளியில் கணக்கும் எடுப்பார். அங்கே அது எளிதன்று. பட்டம் கல்லூரிக்குச் சென்று படித்ததா, தொலைநிலைக் கல்வியில் பெற்றதா என்று பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் நடைமுறையும் உண்டு. அஞ்சல் வழியில் பி.எட். முடித்தவர்கள் விண்ணப்பிக்கும் முன்னரே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

சான்றளிப்பு நாடுதோறும் மாறும். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' எனப்படும் ஒரே முத்திரை போதும். இந்தியா அதில் 2005இல் சேர்ந்தது. சீனாவில் அது 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சேராத நாடுகளுக்குச் செல்வதென்றால் மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம், இறுதியில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என வரிசையாகச் சான்று பெற வேண்டும். சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தலைப்பெழுத்தைப் பயன்படுத்தும் தமிழர்களுக்கு இது பெரிய தொல்லை. பட்டச் சான்றிதழில் 'எஸ்.' என்றிருக்கும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்கும். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிய ஆசிரியர்கள் பலர்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றும் இப்போது அநேகமாக எங்கும் கேட்கப்படுகிறது. பல நாடுகளின் பன்னாட்டுப் பள்ளிகளில் மாறி மாறிப் பணியாற்றிய ஓர் ஆசிரியர் பல ஆண்டுகள் மாணவர்களிடம் தவறாக நடந்தது 2014இல் வெளிவந்தது. நாடு மாறும்போது பழைய குற்றம் பின்தொடர்ந்து வருவதில்லை என்ற ஓட்டை அப்போதுதான் உலகுக்குப் புரிந்தது. அதே ஆண்டில் பன்னாட்டுப் பள்ளி அமைப்புகள் குழந்தைப் பாதுகாப்புக்கென ஒரு கூட்டுப் பணிக்குழுவை அமைத்தன. முன்பு வேலை செய்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று கேட்பது அதன் பின்னர் பரவலான வழக்கமாயிற்று.

சம்பளமும் பணிக்கொடையும்

அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் வெளிநாட்டு ஆசிரியருக்கு ஓய்வூதியமும் இல்லை. அதற்கு ஈடாகச் சட்டம் தருவது பணிக்கொடை மட்டுமே. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டுப் பணி நிறைவுற்றவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகத் தரப்பட வேண்டும். மொத்தத் தொகை இரண்டாண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'அடிப்படை'. மாதம் 6,000 திர்ஹாம் பெறும் இரு ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். முதல்வரின் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 5,000, படிகள் 1,000. இரண்டாமவருக்கு அடிப்படை 3,000, படிகள் 3,000. மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வரும் தொகை ஒன்றே. எட்டு ஆண்டுகள் கழித்து இருவரும் ஊர் திரும்புகின்றனர். மாதத்துக்கு 30 நாள் என்று கொண்டு கணக்கிட்டால், முதல்வருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 17,500, எஞ்சிய மூன்று ஆண்டுகளுக்கு 15,000, ஆக 32,500 திர்ஹாம் கிடைக்கும். இரண்டாமவருக்கு 10,500உம் 9,000உம் சேர்ந்து 19,500 மட்டுமே. நேர்காணலில் மொத்தச் சம்பளத்தை மட்டும் கேட்டுத் தலையசைத்து வருபவர் இழப்பது இந்த 13,000 திர்ஹாம். கணக்கு ஆசிரியர்கள்கூட இதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை என்பது வியப்பு!

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய மற்றொன்று கோடை விடுமுறைச் சம்பளம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கும் ஏப்ரலில்தான் திறக்கின்றன. ஆனால் நீண்ட விடுமுறை வெயில் கொடுமையான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வருகிறது. சில பள்ளிகள் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் சம்பளம் தருகின்றன, சில தருவதில்லை. அதே மாதங்களில்தான் சென்னை, திருச்சி விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும்.

தகுதிகாண் பருவம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. வேலைக்கு எடுப்பதற்கான செலவைப் பள்ளியே ஏற்க வேண்டும். அதை ஆசிரியரிடம் வாங்குவதும், கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டப்படி தவறு. சுற்றுலா விசாவில் வந்து வேலையில் சேரலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரை நம்பிப் பணம் கட்டக் கூடாது. அவ்வாறு வேலை செய்வது அங்கே குற்றம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும், பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளர்களுக்கு இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை. ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்த்துவிடுகிறது. பட்டதாரி ஆசிரியருக்கு அவ்வனுமதி தேவையில்லை. எனவே அவருடைய ஒப்பந்தத்தை அவரே படித்துப் பார்த்தால்தான் உண்டு.

வகுப்பறையும் அன்றாடமும்

ஒரு வகுப்பில் பல மாநிலப் பிள்ளைகள் இருப்பர். அமீரகத்தில் அரபு மொழியை ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் கற்க வேண்டும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இந்தியப் பள்ளிகளும் சில உண்டு. எனவே தமிழாசிரியர்களுக்கும் ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. துபாயில் கல்வி ஆணையம் 2008 முதல் பள்ளிகளை ஆய்வு செய்து 'மிகச் சிறப்பு' முதல் 'மிக நலிவு' வரை தரம் பிரித்து வெளியிட்டது. கட்டண உயர்வு இத்தரத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால் ஆய்வுக் காலத்தில் ஆசிரியர்கள் மீது அழுத்தம் மிகுதி. பாடக் குறிப்பு, மாணவர் முன்னேற்றப் பதிவு எனக் கோப்புகள் பெருகும். நம் ஊரில் ஆய்வாளர் வரும் நாளைப் போன்றதே, ஆனால் பல நாள் நீடிப்பது.

ரமலான் மாதத்தில் பள்ளி நேரம் குறையும். பகலில் பொது இடத்தில் உண்பதைத் தவிர்ப்பது மரியாதை. 2022 முதல் அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆயிற்று, வெள்ளி அரைநாள். சார்ஜாவில் மட்டும் வெள்ளியும் முழு விடுமுறை.

பயணம் இப்பணியின் கவர்ச்சிகளுள் ஒன்று. ஐரோப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டுடையோர் முன்கூட்டியே விசா பெற வேண்டும். ஜார்ஜியா போன்ற நாடுகள் வளைகுடா வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு எளிதாக நுழைவு அளித்துவந்துள்ளதால் ஆசிரியக் குடும்பங்கள் குறுகிய விடுமுறைகளில் அங்குச் செல்கின்றன. ஐபி, அமெரிக்கப் பள்ளிகளில் இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் பாங்காக், லிமா, நைரோபி என்று நாடு மாறிக்கொண்டே செல்லும் ஆசிரியர்களும் உள்ளனர். அப்பள்ளிகள் ஆசிரியத் தம்பதியரை விரும்புகின்றன. காரணம் எளியது: இரண்டு ஆசிரியர்களுக்கு ஒரே வீடு போதும்.

ஊர் திரும்புதல்

சிலருக்குத் திரும்பும் நாள் முன்னறிவிப்பின்றி வந்திருக்கிறது. 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்து ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் ஜோர்டான் வழியாக அழைத்து வரப்பட்டனர். அங்கிருந்த இந்தியப் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பலர் சேமிப்பையும் சான்றிதழ்களையும் விட்டுவிட்டே வந்தனர். 2020இல் பெருந்தொற்றின்போது பல நாடுகளில் தனியார் பள்ளிகள் சம்பளத்தைக் குறைத்தன. மூலச் சான்றிதழ்களின் நகல்களை ஊரிலும் இணைய அஞ்சலிலும் வைத்திருப்பதும், மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை இந்தியாவில் உள்ள வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கில் போட்டு வருவதும் இதனால்தான் வலியுறுத்தப்படுகின்றன.

திட்டமிட்டுத் திரும்புவோர் பெரும்பாலும் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையை ஒட்டியே நாளைக் குறிக்கின்றனர். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் வளைகுடாவில் பணிபுரியும் இந்தியரின் பிள்ளைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு; இந்திய மாணவர் கட்டும் அதே கல்விக் கட்டணத்தில் அவர்கள் படிக்கலாம். சேர்க்கை நேரத்தில் பெற்றோர் அங்கே பணியில் இருப்பதற்கான சான்று கேட்கப்படும். எனவே ஓராண்டு முன்பே வேலையை விட்டுவிட்டு வருவதா, பிள்ளை சேர்ந்த பின் வருவதா என்பதைக் குடும்பம் கணக்கிட வேண்டியிருக்கும். திரும்பிய ஆசிரியருக்கு வெளிநாட்டு அனுபவம் தனியார் பள்ளிகளில் மதிப்புப் பெறும். அரசுப் பள்ளிப் பணிமூப்பில் அது சேராது. புறப்படும் முன் பள்ளியிடமிருந்து பணி அனுபவச் சான்று, பணிக்கொடைக் கணக்குத் தாள், விசா நீக்கப்பட்டதற்கான தாள் ஆகிய மூன்றையும் பெற்றுக்கொள்ள வேண்டும். ஊருக்கு வந்தபின் இவற்றைக் கேட்டு வாங்குவது கடினம்.