சிவப்பு யாருக்காக?

லண்டன் பாதாள ரயிலின் மெட்ரோபாலிடன் தடம் போய் முடியும் ஊர்களில் ஒன்று செஷம். நகரத்தின் நடுவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே இறங்கி, செஸ் என்ற சிற்றாற்றை ஒட்டி 16 கிலோமீட்டர் நடந்தால் ரிக்மன்ஸ்வொர்த் வந்துவிடும். திரும்புவதற்கு அங்கும் அதே தடத்து ரயில்தான். பாதை பல இடங்களில் தனியார் வயலுக்குள்ளேயே போகிறது. நடப்பவருக்கு அது சட்டம் தந்த உரிமை, நிலத்துக்காரர் மறிக்க முடியாது. அக்டோபர் கடைசியில் நண்பர் ஒருவரோடு இந்த வழியாக நடந்தேன். தாராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். எந்த மரத்தையும் விசாரிக்காமல் விடமாட்டார்.

செஷத்தைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டார். "மேட்டுல இருக்கிற மரமெல்லாம் மஞ்சளாகித்தானுங்களே கொட்டுது. ஆத்தோரத்து மரம் மட்டும் ஏனுங்க பச்சையாவே உதுக்குது?"

அவர் காட்டியது ஆல்டர். மேட்டில் நின்றவை பீச் மரங்கள். பகல் குறுகக் குறுக, பீச் தன் இலையைக் காலி செய்யத் தொடங்குகிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் மின்விசிறியைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போவதுபோல, பச்சையத்தையும் அதோடு சேர்ந்த புரதங்களையும் உடைத்து, இலையிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. இலையிலிருந்த தழைச்சத்தில் பாதியளவு இப்படித் திரும்பிவிடும். நாம் பார்க்கிற மஞ்சள் புதிதாக வந்ததல்ல. கரோட்டினாய்டு நிறமிகள் வசந்தத்திலிருந்தே இலையில் இருந்தவை. மேலே மூடியிருந்த பச்சை போனதும் கண்ணில் படுகின்றன. எடுப்பதை எடுத்து முடிக்கும்போது காம்பின் அடியில் ஆக்சின் குறைகிறது, எத்திலினின் கை ஓங்குகிறது. வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற அதே எத்திலின்தான். காம்படியில் ஒரு வரிசை செல்கள் பிரிய, இலை விழுகிறது. விழுந்த தழும்பைத் தக்கை அடைத்துவிடுகிறது.

ஆல்டருக்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை. அதன் வேர்முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. நிலக்கடலை வேரில் ரைசோபியம் செய்கிற வேலைதான், ஆள் வேறு. சத்துக்குப் பஞ்சமில்லாத மரம் சாமான்களை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது. "யூரியா மூட்டை வாங்காத மரம்" என்று நண்பர் பெயர் வைத்தார்.

லாட்டிமர் கிராமத்து மேட்டில் ஒரு பெரிய மாளிகை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் கைதிகளை இங்கே தங்கவைத்து, அறைகளில் மைக்ரோஃபோன் ஒளித்துவைத்து, அவர்கள் தங்களுக்குள் பேசியதை ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். நண்பருக்கு அதில் நாட்டமில்லை. வேலியோரம் சிவந்து நின்ற டாக்வுட் புதரிடம் போய்விட்டார்.

சிவப்புதான் உண்மையான புதிர். மஞ்சளைப்போல அது ஏற்கெனவே இருந்ததல்ல. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைச் சர்க்கரை செலவழித்துப் புதிதாகச் செய்ய வேண்டும். இன்னும் சில நாளில் உதிரப்போகிற இலைக்கு எதற்கு இந்தச் செலவு?

ஆக்ஸ்ஃபோர்டின் பரிணாம அறிஞர் வில்லியம் ஹாமில்டன் துணிச்சலான ஒரு பதில் சொன்னார். அவர் இறந்த மறு ஆண்டு, 2001-இல், சாம் பிரவுனுடன் எழுதிய கட்டுரை வெளியானது. 262 மர இனங்களை ஒப்பிட்டதில், அசுவினிப் பூச்சித் தொல்லை அதிகமுள்ள மர வகைகளில் இலையுதிர்கால நிறம் பளிச்சென்று இருந்ததாம். அசுவினிகள் இலையுதிர்காலத்தில் முட்டையிட மரம் தேடிப் பறக்கும். 'நான் திடமாக இருக்கிறேன், என்னிடம் வந்தால் உனக்குத்தான் நஷ்டம்' என்று மரம் நிறத்தால் எச்சரிக்கிறது என்பது அவர்கள் வாதம்.

நண்பர் உடனே மறித்தார். "மஞ்சளுமா எச்சரிக்கை? நாங்க அசுவினியைப் பிடிக்கிறதே மஞ்சள் அட்டையிலதானுங்க!"

சரியான இடத்தில் கைவைத்தார். ஆய்வாளர்களும் இதையேதான் கேட்டார்கள். அசுவினியின் கண்ணில் சிவப்பை உணரும் செல் இல்லை. மஞ்சள் அதற்குப் பச்சையைவிடப் பளிச்சென்ற பச்சை, கூவி அழைக்கிற நிறம். வயலில் நடுகிற ஒட்டும் பொறி மஞ்சளாக இருப்பது அதனால்தான். ஆகவே மஞ்சள் எச்சரிக்கையாக இருக்க முடியாது. சிவப்பு மங்கலாகத் தெரிந்து, மரத்தை மறைத்துக்கொடுக்கலாம்.

எனக்கு இன்னொரு விளக்கத்தின் பக்கம்தான் சாய்வு. பச்சையத்தைக் கழற்றுகிற நாட்களில் குளிரால் இலையின் வேலை மந்தமாகிறது. வெயில் மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. வாங்கிய ஒளியைச் செலவழிக்க முடியாத இலையில் நச்சு ஆக்சிஜன் உருவாகி, சத்தைத் திரும்ப இழுக்கும் வேலையையே கெடுத்துவிடும். ஆந்தோசயனின் அங்கே நிழல் தருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆந்தோசயனின் செய்யத் தெரியாத பிறழ்வுச் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். அவை மீட்ட தழைச்சத்து குறைவு என்று 2003-இல் தெரியவந்தது. டாக்வுட் புதரிலேயே சாட்சி உண்டு. ஓர் இலைமேல் இன்னொன்று படிந்திருந்தால், நிழல் விழுந்த பாகம் மட்டும் சிவக்காமல் அச்சு அடித்ததுபோல் நிற்கும். பூச்சிக்கான எச்சரிக்கை என்றால் இப்படி வெயிலுக்கு அளந்து பூசவேண்டியதில்லையே.

அமெரிக்கக் காடுகள் சிவக்க, ஐரோப்பா ஏன் பெரும்பாலும் மஞ்சளோடு நிற்கிறது? பனியுகம் காரணம் என்று 2009-இல் லெவ்-யாதுன், ஹோலோபைனன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்க மலைத்தொடர்கள் வடக்கு தெற்காக ஓடுவதால், மரங்களும் அவற்றின் பூச்சிகளும் தெற்கே நகர்ந்து பிழைத்தன. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் குறுக்கே நின்றது. பல மரங்கள் தம் பூச்சிகளோடு அழிந்தன. விரட்டப் பூச்சி குறைந்ததால், மிச்சமிருந்தவற்றுக்குச் சிவப்பு தேவைப்படவில்லை. கேட்க அழகான கதை. ஆனால் ரென்னர், ஸோனர் என்ற ஆய்வாளர்கள் 2019-இல் எளிமையான காரணம் ஒன்றைக் காட்டினார்கள்: கிழக்கு அமெரிக்காவில் இலையுதிர்கால வெயில் ஐரோப்பாவைவிடக் கடுமை. எங்கள் தலைக்கு மேல் காலையிலிருந்து கலையாத மேகத்தைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது.

நம் ஊர்த் தெருவோர நாட்டு வாதுமையும் உதிர்வதற்கு முன் சிவக்கிறது. அங்கே குளிர் ஏது? ஆக, ஒரே விளக்கத்தில் எல்லாச் சிவப்பையும் அடைப்பது கஷ்டம்.

சாரட் கிராமத்துக்கு அருகே ஆறு மறுபடி பக்கத்தில் வந்தது. சுண்ணப்பாறைக்குள் ஊறி வரும் நீர், கண்ணாடித் தெளிவு. அடியில் அண்மையில் விழுந்த ஆல்டர் இலைகள் அதற்குள் ஓட்டை ஓட்டையாக இருந்தன. தழைச்சத்து மிகுந்த அந்த இலைகளைத்தான் நன்னீர்க் கூனிகள் முதலில் தின்னும். கூனியை டிரவுட் மீன் தின்னும். பக்கத்திலேயே பீச் இலைகள் சேதமில்லாமல் கிடந்தன. சத்தை உருவிவிட்ட, முரட்டு நார் மிஞ்சிய அந்தச் சக்கை மட்க ஓராண்டுக்கு மேலும் ஆகும்.