தொட்டிலில் ஒரு துஷ்டன்

மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். உடப்புசல்லாவை மலைச்சரிவுகளில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மேலதிக வகுப்பு முடிந்து, கரும்பலகையைத் துடைத்துவிட்டு நான் குடையை எடுத்தபோது, உயர்தர வகுப்பில் தமிழ் கற்கும் மாணவன் ஒருவன் வாசற்படியில் தயங்கி நின்றான். யாப்பிலக்கணத்தில் ஏதோ ஐயம் போலும் என்று நான் எண்ணினேன்.

"சேர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேள், தம்பி."

"போன்ல ஒரு காட்டூன் பார்த்தேன் சேர். அதில ஒரு கைப்பிள்ளை, பெத்த அம்மாவையே கொல்லப் பார்க்குது. நான் விழுந்து விழுந்து சிரிச்சிட்டேன். அப்புறம் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. சிரிச்சது பாவமா சேர்?"

வேடிக்கைப் படத்தைப் பார்த்துச் சிரிப்பதில் பாவம் என்ன இருக்கிறது என்று சொல்லி, அவனை அனுப்பிவிட்டேன். பாதி வழி நடந்த பின்னரே அவன் வீட்டு நிலை என் நினைவுக்கு வந்தது. அவனுக்கு மூன்று வயது நிறைந்த சில நாட்களில் அவன் தாயார் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடொன்றுக்குச் சென்றவர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வாறு செல்வதற்கு 2013 ஆம் ஆண்டில் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் 2022 இல் அது தளர்த்தப்பட்டது. இவன் தாயார் சென்றதோ அந்தக் கட்டுப்பாடு வருவதற்கு முன்பு. விடுமுறையில் இரண்டொரு தடவை வந்துபோனதைத் தவிர, பையன் வளர்ந்ததெல்லாம் அம்மாயியின் மடியில்தான். அப்படிப்பட்டவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் போதாது என்று தோன்றிற்று. ஆகவே, அந்தப் படத்தை நானே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அந்தச் சித்திரத் தொடரின் பெயர் 'பமிலி கை'. சேத் மக்ஃபார்லேன் என்ற அமெரிக்கர் படைத்தது. 1999 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி முதன்முதலாக ஒளிபரப்பாகி, 2002 இல் நிறுத்தப்பட்டு, இரசிகர்களின் ஆதரவால் 2005 இல் மீண்டும் உயிர்பெற்றது. குவாஹொக் என்னும் கற்பனை ஊரில் பீட்டர் கிரிபின், அவன் மனைவி லோயிஸ், மூத்த பிள்ளைகள் இருவர், பேசும் நாய் ஒன்று, கடைக்குட்டி ஸ்டூவி ஆகியோர் வாழ்கின்றனர். ரக்பிப் பந்தைப் படுக்கவைத்தாற் போன்ற தலையும் ஒரு வயதுப் பருவமும் உடையவன் இந்த ஸ்டூவி. கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அவனுக்கு வயது ஏறவில்லை. பல்லே சரியாக முளைக்காத அவ்வாயிலிருந்து வருவதோ ஆங்கிலப் பிரபுக்களின் அழுத்தந்திருத்தமான மொழி. 1964 இல் வெளிவந்த 'மை ஃபெயார் லேடி' திரைப்படத்தில் உச்சரிப்புப் பேராசிரியராக நடித்த ரெக்ஸ் ஹரிசனின் குரலை ஒட்டியே அது அமைக்கப்பட்டதாம். மழலை பேச வேண்டிய வாயில் பேராசிரியரின் உச்சரிப்பு! ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

அவன் செய்யும் விஷமங்களோ ஒன்றல்ல, இரண்டல்ல. தாய் புரொக்கோலிக் கீரைப்பூவை உண்ணச் சொல்லி வற்புறுத்துகிறாள். நம் வீட்டுப் பிள்ளையாயின் துப்பிவிடும். அல்லது வாயை இறுக மூடிக்கொள்ளும். ஸ்டூவியோ உலகிலுள்ள புரொக்கோலிப் பயிர் முழுவதையும் அழிப்பதற்காகக் காலநிலையையே மாற்றும் யந்திரமொன்றைக் கட்டத் தொடங்குகிறான். முதலாவது பிறந்தநாள் வருகிறது. விழாவுக்கு வரப்போகிறவர் பிரசவம் பார்த்த வைத்தியர் என்றும், அவர் தன்னை மீண்டும் கருப்பைக்குள் தள்ளிவிடுவார் என்றும் அஞ்சி, அந்த வெள்ளை அங்கிக்காரரைத் தேடி அழிக்கப் புறப்படுகிறான். ஒளிக்கதிர்த் துப்பாக்கியும் காலத்தைக் கடக்கும் பொறியும் அவனுக்கு விளையாட்டுச் சாமான்கள். இத்தனைக்கும் இரவில் கரடிப் பொம்மையை அணைக்காமல் அவனுக்கு உறக்கம் வராது.

தாயைக் கொல்லும் சதிகள் தொடரின் ஆரம்ப ஆண்டுகளிலேயே மிகுதி. 2007 இல், நூறாவது நிகழ்ச்சியில், கொன்றேவிட்டான் என்று பார்ப்போர் திகைக்கும்படி கதை செல்கிறது. மறு வாரத்தில், அது கணினியில் ஓட்டிப் பார்த்த ஒரு கற்பனைச் சோதனையே என்று தெரியவருகிறது. பின்னாளில் அவனது சினம் தணிந்து, நாயுடன் ஊர் சுற்றுவதிலும் தர்க்கம் புரிவதிலும் காலம் கழிகின்றது. இத்தொடர் வளர்ந்தோருக்காக எடுக்கப்பட்டது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. சித்திரம் என்றால் சிறுவர்க்குரியது என்று எண்ணுவது நம்மவரிடையே உள்ள பழைய மயக்கம்.

இவனுக்கு முன்னரே சிம்ப்சன் குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை இருந்தது. மெகி என்று பெயர். வாயில் எந்நேரமும் சூப்பான். ஊர்ப் பெருஞ்செல்வரான பேர்ன்ஸ் சுடப்பட்டு விழுகிறார். சுட்டவர் யார் என்று 1995 ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் அமெரிக்கா முழுவதும் பேச்சாக இருந்தது. செப்டெம்பரில் விடை வந்தது. கிழவர் குழந்தையின் கையிலிருந்த லொலிபொப்பைப் பிடுங்கப் போக, அவருடைய துப்பாக்கியே அதன் கையில் விழுந்து வெடித்திருக்கிறது! வேண்டுமென்று சுட்டதா, தவறி வெடித்ததா என்பதை மெகியின் கண்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். அவளோ பேசமாட்டாள்.

நம் பிள்ளைகளுக்கு இவ்விருவரையும்விட நெருங்கிய தோழன் ஜப்பானிய ஷின்-சான். யோஷிட்டோ உசுய் என்ற ஓவியர் 1990 இல் வரையத் தொடங்கி, 1992 இல் தொலைக்காட்சிக்கு வந்த ஐந்து வயதுப் பாலகன். இந்தியத் தொலைக்காட்சிகளின் வாயிலாக அவன் தமிழ்க் குரலிலேயே நம் லயங்களுக்கும் வந்துவிட்டான். தாயின் கோபத்தையும் எடையையும் அடுத்த வீட்டார் முன் போட்டு உடைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. இவனைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர் என்ற கூக்குரலால் 2008 இல் இந்தியாவில் தொடர் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டில் வெட்டுக்களுடன் திரும்பி வந்தது. தடையால் என்ன பயன் விளைந்தது என்று நான் அறியேன். திரும்பி வந்தவனைப் பிள்ளைகள் முன்னிலும் ஆவலாக வரவேற்றார்கள் என்பது மட்டும் கண்கூடு.

இவற்றையெல்லாம் பார்த்து முடித்த இரவில், வேறொரு குழந்தையின் நினைவு வந்தது. அவனும் துஷ்டன்தான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிக்கொண்டிருந்த பெரியாழ்வார் கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் பாடினார். அதில் வரும் குற்றப்பத்திரிகையை வாசித்துப் பாருங்கள். வெண்ணெயை விழுங்கியதோடு விட்டானா? வெறும் பாத்திரத்தைக் கல்லில் மோதி உடைத்து, அந்த ஓசையைக் கேட்டுக் களிக்கிறான். கட்டெறும்பைப் பிடித்துக் கன்றின் காதில் விட்டு, அது வெருண்டு ஓடுவதை வேடிக்கை பார்க்கிறான். இன்னொரு நாள், அயல்வீட்டுச் சிறுமியின் கைவளையைக் கழற்றி, நாவற்பழம் விற்க வந்தவளிடம் கொடுத்துப் பழம் வாங்கித் தின்றுவிட்டு, "நான் இல்லை" என்று சிரிக்கிறான். களவு, பண்டமாற்று, பொய் ஆகிய மூன்றும் ஒரே விஷமத்துள் அடங்கிவிட்டன. ஸ்டூவியின் காலநிலை யந்திரங்கூட இந்த நாவற்பழ வியாபாரத்துக்கு முன்னால் சற்று மங்கித்தான் போகிறது.

கொலையும் உண்டு. பூதனை தாய்போல் வேடமிட்டு வந்து நஞ்சு தடவிய முலையைக் கொடுக்கிறாள். குழந்தை பாலோடு அவள் உயிரையும் உறிஞ்சிவிடுகிறது. அங்கே தாய் பொய், சாவு மெய். அமெரிக்கச் சித்திரத்தில் தாய் மெய், சாவு பொய். இந்த மாற்றத்தை நினைத்து நெடுநேரம் உறங்காதிருந்தேன்.

இன்னுமொரு வேற்றுமை உண்டு. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கண்ணனின் குறும்பைக் கண்ணன் சொல்வதில்லை. ஆய்ப்பாடிப் பெண்கள் வந்து யசோதையிடம் முறையிடுகிறார்கள். யசோதை அவனை அழைத்துக் கடிந்துகொள்கிறாள். அவள் வாய்மொழியாக ஆழ்வார் பாடுகிறார். பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியமும் அத்தகையதே. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே உண்டு. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் மன்றாடுகிறார்கள். குறும்புக்குப் புலவர்கள் பத்தில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் பாருங்கள்! அங்கும் பேசுவோர் மற்றையோர், பிள்ளை பேசாது. ஸ்டூவியோ தன் கதையைத் தானே பேசுகிறான். அவன் சொல்வதை வீட்டார் பெரும்பாலும் காதில் வாங்குவதில்லை. யாரும் எடுத்துச் சொல்ல இல்லாத பிள்ளை, பேராசிரியர் குரலில் தனக்குத்தானே முழங்குகிறது.

அடுத்த வகுப்பில் புறநானூற்றின் 188 ஆம் பாட்டு வந்தது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. சிறு அடி வைத்து நடந்து, கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை அரசன் வியந்து பாடுகிறான். விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அது ராசா வீட்டுச் சோறு சேர். எங்க வீட்டுல சிந்தினா முதுகுல ரெண்டு விழும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அரிசியை அளந்து வாங்கும் வீட்டில் குறும்புக்கும் விலை உண்டு என்பதை அரசப் புலவர் எண்ணியிருக்க நியாயமில்லை. ஆயினும், அந்த இரண்டு அடியை வாங்கியவர்களே இன்று அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று மாலை அந்த மாணவனை அழைத்தேன். "தம்பி, நீ குழந்தையாக இருந்தபோது என்ன குறும்பு செய்தாய்?" என்று கேட்டேன்.

"தெரியாது சேர்."

"அம்மாயி சொன்னதில்லையா?"

"அம்மாயி மலையில வேலை சேர். பகல்ல நான் பிள்ளைக் காம்பராவுல. அம்மாவுக்குத்தான் தெரியும்."

"அப்படியானால் அம்மாவைக் கேள்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். தாயும் மகனும் கிழமைக்கு ஒரு தடவை பேசுவதுண்டாம். பணம் வந்ததா, பாடசாலைக்குப் போனாயா, அம்மாயிக்கு மருந்து வாங்கினாயா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும் என்று முன்னொரு முறை சொல்லியிருக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை, வகுப்புத் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதே வந்து நின்றான். அவன் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் முன்னர் கண்டதில்லை.

"கேட்டேன் சேர். ஒரு மணித்தியாலம் பேசினாங்க."

அவன் கூறியது இது. பால் கொடுப்பதற்காகத் தாய் மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு வருவார். பறித்த கொழுந்தோடு கூடையை வாசலில் இறக்கி வைப்பார். ஒரு நாள் ஆயம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தவழ்ந்து போன இவன் கூடையைக் கவிழ்த்து, கொழுந்தை இரு கையாலும் அள்ளி அள்ளிக் கானில் போட்டுக்கொண்டிருக்கிறான். கானிலோ மழைத் தண்ணீர். கொழுந்து மிதந்து போவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பு வேறு. ஓடி வந்து தூக்கியபோது, கையில் மிஞ்சியிருந்ததை வாயில் திணித்துக்கொண்டானாம். அன்று கொழுந்து மடுவத்தில் நிறுத்தபோது நிறை குறைந்து, கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போட்டாராம்.

"அடிச்சீங்களானு கேட்டேன் சேர். அடிக்கத்தான் கையை ஓங்கினாங்களாம். பச்சைக் கொழுந்து கசந்து நான் மூஞ்சியைச் சுழிச்சதைப் பார்த்ததும் சிரிப்பு வந்திடுச்சாம். அதைச் சொல்லும்போதே அங்க அவங்களுக்குச் சிரிப்பு. சிரிச்சு முடிய ரொம்ப நேரம் ஆச்சு சேர்."

"அந்த அரை நாள் சம்பளம்?"

"அதை அடுத்த கிழமை கேக்கணும் சேர்" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தான்.