வேலைக்கு வாராமையும் வேலையின் அமைப்பும்

ஒருவர் அடிக்கடி வேலைக்கு வராவிடின், அவரைச் சோம்பேறி என்றோ நோயாளி என்றோ முடிவு கட்டிவிடுவது உலக வழக்கம். வேலை அமைந்துள்ள விதமே ஒருவரை நோயில் தள்ளக்கூடும் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. இதனை விளக்கும் ஆராய்ச்சிகள் சில நமது சங்க அங்கத்தினர்களின் கவனத்திற்கு உரியவை.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில், முன்னாளில் இரண்டொருவர் கூடித் தமக்குரிய இடத்தில் முழு வேலையையும் தாமே செய்து வந்தனர். இயந்திரங்கள் வந்தபின் நாற்பது, ஐம்பது பேர் மூன்று முறைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சிறு வேலை. முந்திய முறையினர் விட்ட குறை அடுத்த முறையினர் தலையில் விழுந்தது. சச்சரவும் மனச்சோர்வும் பெருகின. டிரிஸ்ட் என்பாரும், முன்னர்ச் சுரங்கத்தில் உழைத்த பாம்ஃபோர்த் என்பாரும் 1951-ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தனர்.

சில இடங்களில் தொழிலாளர்கள் ஒரே குழுவாக இணைந்து, வேலைகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டு, ஊதியத்தையும் பகிர்ந்துகொண்டனர். அதே வகை இயந்திரந்தான். ஆயினும் பிரித்த முறையில் நூற்றுக்கு 20 ஆக இருந்த வாராமை, குழு முறையில் 8.2 ஆக இருந்தது. நோயும் விபத்தும் காரணமாக நின்றவர்களும் ஏறத்தாழப் பாதியே.

நெசவுக்கும் இது பொருந்தும். 1953-ஆம் ஆண்டில் ஆமதாபாத் ஆலையொன்றில், ரைஸ் என்னும் ஆராய்ச்சியாளரின் யோசனைப்படி, தனித்தனி வேலை பார்த்துவந்த தானியங்கித் தறிக்காரர்கள் எழுவர் கொண்ட குழுக்களாயினர். ஒரு தொகுதித் தறிகளுக்குக் குழுவே பொறுப்பு. உற்பத்தி உயர்ந்தது, பழுதான துணி குறைந்தது.

அலுவலகமும் இதற்கு விலக்கன்று. 1985-இல் தொடங்கி லண்டன் அரசாங்க ஊழியர் 10,308 பேரிடம் நடந்த 'ஒயிட்ஹால்' ஆராய்ச்சியில், கடைநிலை ஆண் ஊழியர்களின் நோய் விடுப்பு, மேல்நிலையினருடையதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்காக இருந்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. தம் வேலையைத் தாமே நடத்தும் உரிமை குறைந்தவர்களிடம் இருதய நோயும் மிகுந்திருந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? சுமை மட்டும் மனிதனை வாட்டுவதில்லை. சுமை மிகுந்து சொல்லுரிமை குறையும்போதே உடல் தளர்கிறது. வீட்டுத் தறியில் நெய்பவருக்கு வருகைப் பதிவேடு இல்லை; நின்றுபோன தறியே அவருக்குப் பதிவேடு.

ஆதலின், வாராதவருக்கு அபராதம் விதிக்குமுன் நிர்வாகக் குழுவினர் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். எந்தப் பிரிவில் வாராமை மிகுதி? நூல் வழங்கும் நாளும் கூலி தரும் நாளும் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகின்றனவா? வேலைப் பங்கீட்டில் உழைப்பவரின் யோசனை கேட்கப்படுகிறதா? தம் தொழிலைத் தாமே ஆள்வதற்கென்றே நாம் சங்கமாகக் கூடினோம். அவ்வுரிமை மகாசபையோடு நின்றுவிடாமல் தறிமேடை வரையிலும், களத்துமேடு வரையிலும் செல்லுமாயின், அங்கத்தினரின் உடலும் நலம் பெறும், சங்கமும் வலுப்பெறும்.